ஜான் நியூட்டன்: புயலும் நாற்பது ஆண்டுகளும்

பொருளாதார வரலாறு கற்பித்த காலத்தில், அட்லாண்டிக் அடிமை வணிகத்தைப் பற்றிய வகுப்பில் ஜான் நியூட்டனின் பெயரைச் சொல்வேன். கிறிஸ்தவ மாணவர்கள் திகைப்பார்கள். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை இயற்றிய போதகராகவே அவரை அவர்கள் அறிந்திருந்தனர்.

லண்டனில் 1725-இல் பிறந்தவர் நியூட்டன். தந்தை கப்பல் தலைவர். தாயை ஏழு வயது நிறையுமுன்பே இழந்தார். கடற்படையிலிருந்து தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் பசியோடும் நோயோடும் கிடந்தார். மீட்கப்பட்டுத் தாயகம் திரும்புகையில், 1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ கப்பலைப் புயல் தாக்கியது. அன்று இறைவனை நோக்கிக் கதறினார். அந்நாளை இறுதிவரை நினைவுகூர்ந்தார்.

புயலோடு அவர் அடிமை வணிகத்தைக் கைவிட்டார் என்பது பலரும் சொல்லும் கதை. உண்மை அவ்வளவு இனிமையானதன்று. அவர் முதலில் விட்டது வசைச்சொற்களை, பிறகு சூதை. அதே ஆண்டில் அடிமைக் கப்பலொன்றில் துணைத்தலைவராகப் புறப்பட்டார். 1750 முதல் 1754 வரை தலைவராகவே மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கலகத்துக்குத் திட்டமிட்டதாக ஐயுற்ற அடிமைச் சிறுவர்களைக் கட்டைவிரல் நெருக்கியில் இட்டார். இரண்டும் ஒரே மனிதரின் செயல்கள்.

1754-இல் கடலை விட்டதற்கும் திடீர் நோய்தான் காரணம், மனச்சான்று அன்று. 1764-இல் ஓல்னி என்ற சிற்றூரில் திருச்சபைப் பணியேற்றார். அவ்வாண்டு வெளியான தன்வரலாற்றிலும் அடிமை வணிகம் ஒரு விரும்பத்தகாத தொழிலாகவே வருகிறது, பாவமாக அன்று. வருவாய்க்கான வழி ஒன்றைச் சமூகமே மதிக்கும்போது அதில் குற்றம் காண்பது எவ்வளவு அரிது என்பதை நான் படித்த எந்தப் பொருளியல் நூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

1785-இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் அவரை நாடி வந்தார். அரசியலை விட்டுவிட வேண்டாம் என்றார் நியூட்டன். 1788-இல் அடிமை வணிகத்தைப் பற்றித் தாமே ஒரு சிறுநூல் வெளியிட்டார். கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்ட விதத்தையும், பெண்களுக்கு நேர்ந்த கொடுமையையும் மறைக்காது எழுதினார். தாமும் அதில் பங்குகொண்டதை ஒப்புக்கொண்டு, இந்த அறிக்கை காலங்கடந்தது என்றும் உணர்த்தினார். பிரிவி கவுன்சில் முன் சாட்சியும் அளித்தார். புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்!

விவிலியத்தில் சகேயு, தாம் அநியாயமாய்ப் பெற்றதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வருகிறான். அவனுக்குக் கடன்பட்டோர் யாரென்று தெரியும். நியூட்டனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவரிடம் எஞ்சியிருந்தது தாம் கண்டதைச் சொல்லும் வாய் மட்டுமே. மதிக்கப்படும் போதகராக இருந்தபோது, தம் பெயருக்கு இழுக்கு வரும் என்றறிந்தே அதைத் திறந்தார். என் கணக்கில் அவருடைய மனந்திரும்புதல் அங்கேதான் முழுமை பெறுகிறது. சற்றுக் கடுமையான கணக்கு என்று நண்பர்கள் சொல்வதுண்டு.

அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. ஏறத்தாழப் பார்வையிழந்திருந்த நியூட்டன் அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். அவருடைய கப்பல் நாட்குறிப்புகள் இன்றும் உள்ளன. வழியில் இறந்த அடிமைகள் அவற்றில் எண்களாகவே பதிவாகியிருக்கிறார்கள்.