பட்டாசு வெடிக்கச் சொன்ன பினாங்கு மருத்துவர்

1910 டிசம்பரில், கடுங்குளிர் வாட்டிய சீனாவின் ஹார்பின் நகருக்கு 31 வயது மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்ற டாக்டர் வூ லியன் தே தான் அவர்.

அப்போது ஹார்பினில் பிளேக் நோய் உயிர்களை வாரிக்கொண்டிருந்தது. நகரை ஒட்டிய ஃபூஜியாடியனில் சுமார் 24,000 சீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். கூலித் தொழிலாளர்கள் சிறு சத்திர அறைகளில் கும்பலாகப் படுத்துறங்கினர். சாவு அங்கேதான் அதிகம்.

எலிகளே காரணம் என்று பலரும் நம்பியிருந்த வேளையில், இறந்த பெண்ணொருவரின் உடலைப் பரிசோதித்த வூ, இது நுரையீரலைத் தாக்கி, இருமல் வழியாகப் பரவும் பிளேக் என்று கண்டறிந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட முகக்கவரியை அணியச் சொன்னார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகக்கவரி இன்றி நோயாளிகளைப் பார்த்தவர், சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். படித்தவரையே நம்ப வைப்பது அத்தனை கடினமாக இருந்தது.

ஏழை மக்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? ஃபூஜியாடியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என வட்டாரத்துக்கு ஒரு நிறப் பட்டையை மக்கள் கையில் அணிந்தனர். அனுமதியின்றி அடுத்த வட்டாரத்துக்குப் போக முடியாது. எழுத்தறியாதவருக்கும் அந்த நிறம் விளங்கியது.

நிலம் உறைந்துபோனதால் 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் புதைக்கப்படாமல் கிடந்தன. உடலை எரிப்பது முன்னோர் வழக்கத்துக்கு விரோதம். எனவே வூ பேரரசின் அனுமதியைக் கேட்டுப் பெற்ற பிறகே அவற்றை எரித்தார். அது சீனப் பெருநாள் சமயம். கந்தகப் புகை கிருமியைப் போக்கும் என்ற எண்ணத்தில், பட்டாசுகளை வீட்டுக்குள்ளேயே வெடிக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தீமையை விரட்டும் பழைய வழக்கம் என்பதால் அந்த யோசனை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 உயிர்களைக் குடித்த அந்நோய், 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் ஓய்ந்தது.

1937ல் மலாயா திரும்பிய வூ, ஈப்போவில் மருத்துவம் பார்த்தார். 1960ல் பினாங்கில் மறைந்தார். அவர் படித்த பள்ளியின் அருகே ஒரு தாமான் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருந்து இல்லாத நோயை அடக்க, மக்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்திருந்ததும் அவருக்குக் கைகொடுத்தது.