மழையில் நின்று கோப்பை வாங்கிய பாப்வா

தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போனவர்கள், பிரிஞ்சாங் வருவதற்கு முன்னால் சாலையோரம் விரிந்து கிடக்கும் கோல்ஃப் திடலைப் பார்த்திருப்பார்கள். துரைமார் காலத்துத் திடல் அது. தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் கோல்ஃப் என்றாலே துரைமார் ஆட்டம்தான். புல் வெட்டவும் பை தூக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆடுவோர் பட்டியலில் மட்டும் நம் பெயர்களுக்கு இடமில்லை.

இன்று அப்படி இல்லை. 2015 பிப்ரவரியில் கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப்பில் நடந்த மலேசிய ஓப்பனை இந்தியாவின் அனிர்பான் லாஹிரி ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். கல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, பை தூக்கும் வேலையிலிருந்து வளர்ந்து 2016இல் இந்திய ஓப்பனை வென்றார். போட்டி முடிவுகளில் இத்தகைய பெயர்களைப் பார்த்து இப்போது யாரும் வியப்பதில்லை. ஆனால் இவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த ஒருவர் ஐரோப்பாவில் தேசிய ஓப்பன் பட்டத்தை மூன்று முறை வென்றிருக்கிறார். அவர் பாப்வா என்று எல்லாரும் அழைத்த சியூசங்கர் சியூகோலம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் கரையை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து இன்னொரு கப்பல் வந்தது. மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் காப்பியும் ரப்பரும் பார்த்தார்கள், அங்கே போனவர்கள் கரும்பு வெட்டினார்கள். மற்றபடி லயமும் கங்காணியும் துரையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பாப்வாவின் குடும்பம் தமிழ்க் குடும்பம் அல்ல. சிவசங்கர் என்பதுதான் ஆங்கிலேய எழுத்தர் கையில் சியூசங்கர் ஆனது, அது வடநாட்டுப் பக்கத்துப் பெயர். ஆனாலும் டர்பனில் தமிழர், தெலுங்கர், இந்திக்காரர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் ஒரே இந்தியர்தான். ஒதுக்கப்பட்டதும் ஒன்றாகத்தான்.

அவர் பிறந்தது 1928இல். உம்கெனி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், ரிவர்சைட் என்ற பகுதியில் ஏழை வீடு. பக்கத்திலேயே பீச்வுட் கோல்ஃப் திடல். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியாமலே வாழ்ந்து முடித்தார். சிறுவனாக இருக்கும்போதே மரக்கிளையைச் செதுக்கி மட்டையாக்கிப் பந்து அடித்துப் பழகினார். பிறகு திடலில் வெள்ளைக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலை கிடைத்தது. ஆங்கிலத்தில் அவர்களைக் கேடி என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு ஆளைக் குறிக்கும் என்பதால் பை தூக்கும் பையன் என்றே சொல்வோம்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வளர்ந்த ஆட்டம் என்பது அவர் பிடியிலேயே தெரியும். கிரிக்கெட் மட்டையை வலக்கைக்காரர் எப்படிப் பிடிப்பார்? இடக்கை மேலே, வலக்கை கீழே. கோல்ஃப் மட்டைக்கும் அதுதான் முறை. பாப்வா தலைகீழாகப் பிடித்தார். வலக்கை மேலே, இடக்கை கீழே. பயிற்சியாளர் யாராவது பார்த்திருந்தால் முதல் நாளே கையைப் பிடித்து மாற்றியிருப்பார். அவருக்குப் பயிற்சியாளர் இல்லை, அதனால் அந்தப் பிடி மாறவும் இல்லை. அந்தப் பிடியில் போன பந்து நேராகத்தான் போனது. பின்னாளில் கோல்ஃப் உலகம் அதை அவர் பெயராலேயே அழைத்தது.

வெள்ளையர் அல்லாதோருக்கான போட்டிகளில் அவரை வெல்ல ஆளில்லை என்ற நிலை வந்தது. ஆனால் அந்த வெற்றிகள் அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இன ஒதுக்கலைச் சட்டமாக்கிக் கொண்டே போனது. 1950இன் குழுப் பகுதிச் சட்டம் எந்த இனம் எங்கே வசிக்கலாம், எங்கே தொழில் செய்யலாம் என்று கோடு கிழித்தது. அந்தக் கோடு கோல்ஃப் திடலுக்குள்ளும் போனது.

இந்த இடத்தில் வருபவர் கிரகாம் வுல்ஃப். டர்பனைச் சேர்ந்த வேதியியலாளர். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் விற்கும் ஓலே முகக் களிம்பை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அவர்தான். பாப்வா அவரிடம் வேலை பார்த்தார். இந்த ஆளின் கை உலகத் தரம் என்று வுல்ஃபுக்குப் புரிந்தது. உள்ளூரில் கதவு திறக்காது என்பதும் தெரிந்தது. 1959இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த முதல் பயணத்திலேயே பாப்வா டச்சு ஓப்பனை வென்றார். மறு ஆண்டு, 1960இல், அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அப்போது அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிகளில்கூட வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்ற பிரிவு இருந்தது. 1961 நவம்பரில்தான் அதை நீக்கினார்கள். டர்பன் இந்தியர்களுக்கு இந்த வெற்றி திருவிழாவானது. வெளிநாட்டில் ஒரு தேசத்தின் ஓப்பனை வென்றவர் சொந்த ஊரின் பெரிய போட்டியில் ஆட அரசிடம் சிறப்பு அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்ததும் அதே காலத்தில்தான். இன ஒதுக்கலுக்கு எதிராக நின்ற விளையாட்டு அமைப்பினரிடையே வேறொரு கேள்வியும் இருந்தது. அவமதிக்கும் அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஆடலாமா என்பது அது. நியாயமான கேள்விதான். ஆனால் குடும்பத்தைக் காப்பாற்ற மட்டையைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒருவரிடம் அதைக் கேட்பது அவ்வளவு எளிதல்ல.

1963இல் நேட்டால் ஓப்பனில் ஆட அனுமதி கிடைத்தது. இடம் டர்பன் கன்ட்ரி கிளப், கடலோர மணல்மேடுகளின் மேல் அமைந்த, நாட்டின் முதன்மையான திடல்களில் ஒன்று. அவர் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரைக்கு அது தொலைவும் அல்ல. களத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்கள், நடுவில் இவர். திடலில் ஆடலாம். கிளப் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. உடை மாற்ற, சாப்பிட, ஓய்வெடுக்க உள்ளே இடமில்லை. அந்தக் கட்டடத்துக்குள் இந்தியர் தட்டு ஏந்திப் போகலாம், ஆட்டக்காரராகப் போக முடியாது.

கோல்ஃப் ஆட்டத்தின் கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு 18 குழி. பெரிய போட்டியில் நான்கு சுற்று, மொத்தம் 72 குழி. எல்லாவற்றையும் குறைந்த அடிகளில் முடித்தவர் வெற்றியாளர். அழகுக்கு மதிப்பெண் கிடையாது, நடுவரின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. இன்னொன்று, ஆட்டக்காரரின் அட்டையில் அடிகளைக் குறிப்பவர் அவருடன் ஆடும் போட்டியாளர். ஆக, பாப்வாவின் எண்ணிக்கையை எழுதியதும் அவருக்கு எதிராக ஆடிய வெள்ளைக்காரர்தான். குத்துச்சண்டையில் புள்ளியைக் குறைக்கலாம், பந்தாட்டத்தில் அணியிலேயே சேர்க்காமல் விடலாம். இங்கே எண் எண்தான். நான்கு சுற்றும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது மிகக் குறைந்த எண் பாப்வாவினுடையது.

பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக் கொண்டது. மற்ற ஆட்டக்காரர்கள் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வெற்றியாளரை உள்ளே அழைக்கச் சட்டம் விடவில்லை. கோப்பையை வெளியே, மழையில் நனைந்தபடி வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளியானது. இன ஒதுக்கல் என்றால் என்ன என்று நீண்ட கட்டுரைகள் எழுதி விளக்க வேண்டியதை அந்த ஒரு படம் விளக்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து விலக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களின் கையில் அது ஆயுதமானது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் மறுக்கப்பட்டது.

மலாயாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1960இல் லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைத் துணிந்து எழுப்பியவர்களில் முன் நின்றவர் துங்கு அப்துல் ரஹ்மான். அடுத்த ஆண்டே அந்த நாடு காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. துங்கு கோல்ஃப் பிரியர். மலாயா ஓப்பன் முதன்முதலாக 1962இல் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பில் நடந்தது, ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் பிலிப்ஸ் வென்றார். டர்பனில் மழையில் கோப்பை கைமாறியது அதற்கு அடுத்த ஆண்டு.

1963 பாப்வாவுக்கு நல்ல ஆண்டாகவே ஓடியது. தென்னாப்பிரிக்க ஓப்பனில் ரெத்தீஃப் வால்ட்மனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். இங்கிலாந்தின் ராயல் லிதம் திடலில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் 13ஆவது இடத்தைப் பகிர்ந்து கொண்டார். உலகின் தலைசிறந்தவர்கள் கூடும் களத்தில் அது சின்ன விஷயமல்ல. 1964இல் டச்சு ஓப்பன் மூன்றாம் முறையாக அவர் கைக்கு வந்தது.

அடுத்து 1965, மீண்டும் நேட்டால் ஓப்பன். இம்முறை எதிரே கேரி பிளேயர். தென்னாப்பிரிக்க வெள்ளையரின் பெருமை அவர். பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், அமெரிக்க பிஜிஏ மூன்றையும் ஏற்கெனவே வென்றவர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கு பெரும் பட்டங்களையும் நிறைவு செய்யப் போகிறவர். அவரைப் பாப்வா வென்றார்.

1963இன் வெற்றியைத் தற்செயல் என்று யாராவது ஒதுக்கியிருக்கலாம். இதை அப்படி ஒதுக்க வழியில்லை. இந்தியனை வெள்ளையனுக்குக் கீழே வைப்பது இயற்கையின் ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டிருந்த அரசுக்கு, உலகின் முதல் வரிசை வெள்ளை வீரரையே ஒரு பை தூக்கியவர் தோற்கடித்தது சங்கடம். எண்ணை மாற்ற முடியவில்லை, ஆட்டக்காரரை நீக்கினார்கள். கலப்பு விளையாட்டுகளுக்கான கட்டுப்பாடு இறுகியது. பாப்வாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பெரிய போட்டி நடக்கும் திடல்களுக்குப் பார்வையாளராகப் போகவும் முடியாமல் போனது. கடப்பிதழையும் எடுத்துக் கொண்டார்கள், ஐரோப்பாவின் வழியும் அடைந்தது.

அவர் அப்போது நாற்பதையும் எட்டவில்லை. கோல்ஃப் வீரருக்கு அது முதிர்ந்த வயதல்ல, கையும் அனுபவமும் கூடிவரும் வயது. மேடைப் பேச்சோ கட்சியோ அறியாத, அதிகம் பேசாத மனிதர். அரசியல் அவரைத் தேடி வந்து சோற்றில் கை வைத்தது. கடைசி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன.

கேரி பிளேயர் 1966இல் வெளியான தம் நூலில் அரசின் இனக் கொள்கைக்கு ஆதரவாக எழுதினார், பிற்காலத்தில் அந்த நிலைப்பாட்டிலிருந்து வெளிப்படையாக விலகினார். 1969இல் அமெரிக்காவில் நடந்த பிஜிஏ போட்டியின்போது நிறவெறி எதிர்ப்பாளர்கள் அவரை ஆட்டத்தின் நடுவே மறித்தார்கள். 1971இல் அவர் அழைப்பின் பேரில் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டர் தென்னாப்பிரிக்கா வந்து ஆடினார். விருந்தாளிக்குத் திறந்த கதவு மண்ணின் மைந்தனுக்குப் பத்தாண்டு முன்பே திறந்திருக்கலாம்.

பாப்வா 1978 ஜூலையில் மாரடைப்பால் காலமானார். ஐம்பது வயதை அவர் காணவில்லை. நிறவெறி ஆட்சி முடிந்து அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடக்க இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது. அவர் வாழ்க்கையை முழுமையாகத் தேடி எழுதிய நூல்கள் 2000க்குப் பிறகுதான் வந்தன. நீதிபதி கிறிஸ்டபர் நிக்கல்சன் ஒன்று எழுதினார், எழுத்தாளர் மேக்சின் கேஸ் இன்னொன்று.

டச்சு ஓப்பன் வெற்றியாளர் பட்டியலில் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே அவர் பெயர் இருக்கிறது. பின்னாளில் ஸ்பெயினின் செவே பாலஸ்டெரோசும் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கரும் அதே பட்டத்தை வென்றார்கள், ஆளுக்கு மூன்று முறை. டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ரிசர்வோர் ஹில்ஸ் பகுதியில், உம்கெனி ஆற்றை ஒட்டி நகராட்சியின் கோல்ஃப் திடல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பாப்வா சியூகோலம் திடல். அது பொதுத் திடல்.