நாடற்றோர்க்கு நான்சென் அளித்த பத்திரம்

நார்வே தேசத்தில் 1861-இல் பிறந்த நான்சென், 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்த தீரர். அப்புகழை நாம் ஈண்டு விரிக்கவில்லை.

ருஷ்யப் புரட்சிக்குப்பின் லட்சக்கணக்கானோர் அயல்நாடுகளில் தவித்தனர். 1921 இறுதியில் சோவியத் அரசு அவர்களிற் பலரது குடியுரிமையைப் பறித்தது. பத்திரமின்றி எல்லை கடப்பது எங்ஙனம்? ஊர் மாறிவந்து ரேஷன் கார்டுக்கு அலைந்த நம் குடும்பங்கள் இத்துயரின் நிழலையேனும் அறியும்.

சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையரான நான்சென், 1922-இல் அரசாங்கங்களை இணங்குவித்து அவர்களுக்கு அடையாளப் பத்திரம் வழங்கச் செய்தார். அதுவே நான்சென் பாஸ்போர்ட். அது குடியுரிமை தரவில்லை. வழங்கிய நாட்டிற்குத் திரும்பிவரும் உரிமைகூடத் தொடக்கத்தில் இல்லை. ஆயினும் ஏதிலியின் பெயரை ஓர் அரசு எழுதி முத்திரையிட்டது, அது சிறிதன்று. 1924-இல் ஆர்மீனியருக்கும் அது கிட்டியது.

1922-ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசுத் தொகையை நிவாரணப் பணிக்கே ஈந்த அப்பெரியார், 1930-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பத்திரம் அதன்பின்னும் வழங்கப்பட்டு வந்தது.