கை ஓங்காத வீரர்

கராத்தே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை திரைப்படச் சண்டைகளும், ஒரே வெட்டில் உடைபடும் ஓடுகளுமே ஆகும். ஆனால், அக்கலையை உலகறியச் செய்தவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்பதும், எவர் மீதும் முதலில் கை ஓங்காதிருப்பதையே அவர் தம் கலையின் உச்சமாகக் கருதினார் என்பதும் பலர் அறியாத செய்திகளாகும். அவர்தாம் ஒகினாவாத் தீவில் தோன்றிய கிச்சின் ஃபுனகோஷி. நோஞ்சான் குழந்தையாகப் பிறந்து 88 ஆண்டுகள் வாழ்ந்த அப்பெருமகனாரின் வரலாறு, கற்கும் பருவத்தினராகிய நாம் அறிந்து கொள்ளத்தக்கது.

இளமையும் நோயும்

1868-ஆம் ஆண்டில், ரியூக்கியூ அரசின் தலைநகராக விளங்கிய ஷூரி நகரில் ஃபுனகோஷி பிறந்தார். குறைமாதக் குழந்தையாகப் பிறந்த அவர் நெடுநாள் வாழமாட்டார் என்றே உற்றார் எண்ணினர். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் செல்லமாக வளர்ந்தார். சீன அறிஞர் கன்பூசியசின் அறநூல்களைப் பாட்டனாரே அவருக்குக் கற்பித்தார்.

பள்ளியில் உடன் பயின்ற சிறுவன் ஒருவனின் தந்தை அஸாத்தோ என்பவர். கராத்தேயில் பெரும்புலமை பெற்றவர். நண்பனுடைய வீட்டிற்குச் சென்று வந்த சிறுவன் ஃபுனகோஷி, அவரிடமே மாணாக்கராகச் சேர்ந்தார். அந்நாளில் அக்கலையை வெளிப்படையாகப் பயிலும் வழக்கம் இல்லை. ஆகவே, ஊர் உறங்கிய பின் மங்கிய விளக்கொன்றை ஏந்திக்கொண்டு ஆசானின் வீட்டு முற்றத்திற்குச் செல்வார். விடியும் வேளையில் வீடு திரும்புவார்.

கட்டா எனப்படும் அசைவுத் தொடர் ஒன்றையே ஆசான் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். முற்றிலும் கைவரப் பெறாமல் அடுத்ததற்குச் செல்ல ஒப்பமாட்டார். பாராட்டு என்பது எப்போதேனும் விழும் ஒரு சொல் மட்டுமே. சலிப்பும் அவமானமும் மேலிட்ட இரவுகள் பல. ஆயினும், இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் தம் உடலில் ஒரு மாறுதலை இளைஞர் உணர்ந்தார். அடிக்கடி வந்த நோய்கள் விலகின. நடை உறுதி பெற்றது. தமக்கு உயிர் தந்த கலை இது என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

குடுமியும் ஆசிரியப் பணியும்

1879-இல் ரியூக்கியூ அரசு நீக்கப்பட்டு, ஒகினாவா ஜப்பானின் ஒரு மாகாணமாயிற்று. பழைய குடும்பத்தினர் பலர் குடுமியைக் களைவதை இழிவாகக் கருதினர். ஃபுனகோஷியின் இல்லத்தாரும் அவ்வாறே எண்ணினர். மருத்துவம் பயில விரும்பிய அவர், குடுமி வைத்திருப்போரைக் கல்லூரியில் சேர்ப்பதில்லை என்ற விதியால் அவ்வாய்ப்பை இழந்தார். பின்னர் 1888-இல் தொடக்கப் பள்ளியில் துணையாசிரியர் பணி கிடைத்தபோது, பெற்றோரின் சினத்துக்கு ஆளாகியும் குடுமியை நீக்கினார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். ஊதியமோ சொற்பம், குடும்பமோ பெரிது. மனைவியார் துணி நெய்தும், காய்கறி பயிரிட்டும் குடும்பத்தைத் தாங்கினார். அவ்வம்மையாரும் கராத்தே அறிந்தவர். அண்டை அயலில் சண்டை மூண்டால், இன்சொல்லால் விலக்கிவைப்பவரும் அவரே.

பள்ளிக்குள் புகுந்த கலை

ஃபுனகோஷியின் மற்றோர் ஆசான் இத்தோசு ஆவார். 1831 முதல் 1915 வரை வாழ்ந்த இப்பெரியவர், இரவில் ஒளிந்து பயின்ற கலையைப் பகலில் சிறுவர் கைக்கு வழங்கியவர். 1901-ஆம் ஆண்டளவில் ஷூரியின் தொடக்கப் பள்ளியில் கராத்தே உடற்பயிற்சிப் பாடமாக இடம்பெற்றது. பழைய கட்டாக்கள் நீண்டவை, கடினமானவை. எனவே சிறுவர்க்கென்றே பினான் என்னும் ஐந்து எளிய கட்டாக்களை இத்தோசு வகுத்தார். நேராக நிற்றல், அளவாக மூச்சு விடுதல், இடமும் வலமும் ஒத்து இயங்குதல், கட்டளைக்கு ஏற்ப ஒன்றுபோல் அசைதல் ஆகியவை அவற்றில் சிறந்து விளங்கின.

1908-இல் கல்வித் துறையினருக்கு எழுதிய மடலில், இப்பயிற்சி எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும், செரிமானத்திற்கும் குருதியோட்டத்திற்கும் துணைபுரியும் என்று இத்தோசு விளக்கினார். ஆதலால் தொடக்கப் பள்ளியிலிருந்தே இதனைக் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். தாக்குவதற்கென்று கைமுட்டியைப் பயன்படுத்தலாகாது என்பதும் அம்மடலின் கருத்துகளுள் ஒன்று. பள்ளி ஆசிரியரான ஃபுனகோஷிக்கு இக்கருத்துகளே வாழ்வின் வழிகாட்டிகளாயின.

இரண்டு திருடர்கள்

ஒருநாள் மாலை, மாமனார் வீட்டு முன்னோர் வழிபாட்டிற்காகப் பணியாரங்களை எடுத்துக்கொண்டு, பைன் மரங்கள் அடர்ந்த பாதையில் ஃபுனகோஷி சென்றார். முகத்தைத் துணியால் மறைத்த இருவர் வழிமறித்தனர். வம்புக்கு இழுத்தனர். அவரோ அந்நாளில் உடல் வலிமை மிக்க இளைஞர், கலையில் தேர்ந்தவர். ஒரு நொடியில் இருவரையும் வீழ்த்தியிருக்கலாம். ஆனால், பணிவாகப் பேசிப் பணியாரப் பொட்டலத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நடந்தார்.

பிறகு தம் ஆசான்களிடம் இதனைக் கூறினார். இத்தோசு அவர் செயலை மனமாரப் பாராட்டினார். பணியாரம் போய்விட்டதே, முன்னோர்க்கு எதைப் படைத்தாய் என்று அஸாத்தோ வினவினார். உளமார்ந்த வணக்கத்தை மட்டுமே படைத்ததாக மாணாக்கர் கூறினார். அதுவே கராத்தேயின் உண்மையான உள்ளம் என ஆசான் மகிழ்ந்தார். வென்ற சண்டைக்குக் கிடைக்காத பாராட்டு, தவிர்த்த சண்டைக்குக் கிடைத்தது!

தலைநகரில் ஒரு தோட்டக்காரர்

1922-இல் ஜப்பானியக் கல்வித் துறை டோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. ஒகினாவாவின் சார்பில் கராத்தேயை விளக்கிக் காட்ட ஃபுனகோஷி சென்றார். அப்போது அவருக்கு வயது 53. விரைவில் ஊர் திரும்புவதே அவர் எண்ணம். ஆனால், ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ அவரைத் தம் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். மேலும் பலர் கற்க விழைந்தனர். அவர் தங்கிவிட்டார். மனைவியார் முன்னோர் வழிபாட்டுக் கடமையை விட்டு வர இயலாமல் ஒகினாவாவிலேயே இருந்தார். கலையின் பரவலுக்காக அக்குடும்பம் கொடுத்த விலை இது.

ஒகினாவா மாணவர் விடுதியொன்றில் சிறிய அறை கிடைத்தது. அதற்கு ஈடாகக் காவலும், துப்புரவும், தோட்ட வேலையும் பார்த்தார். உணவுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையற்காரருக்கும் கராத்தே கற்பித்தார். ஒருநாள் அவர் தோட்டத்தைப் பெருக்கிக் கொண்டிருந்தபோது பத்திரிகையாளர் ஒருவர் வந்து, ஆசான் ஃபுனகோஷி எங்கே என்று கேட்டார். சற்றே பொறுக்கச் சொல்லி உள்ளே சென்று, உடை மாற்றிக்கொண்டு வந்து, தாமே அவர் என வணங்கி நின்றார். வந்தவர் திகைத்துப் போனார். துடைப்பம் ஏந்துவதால் ஆசிரியரின் மதிப்புக் குறைவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1923-இல் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் அவருடைய முதல் நூலின் அச்சுத் தகடுகள் அழிந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தோன்றியது. பிற கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. அதுவரை சீனக் கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்ட பெயரை, வெறுங்கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுத அவர் முனைந்தார். கையில் படைக்கருவி இல்லை. நெஞ்சில் தன்னலமும் தீய எண்ணமும் இல்லை என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிய வேண்டும், முதல் அடி நம்முடையதாக இருத்தலாகாது, பயிற்சிக்கூடத்திற்கு வெளியேயும் பயிற்சி தொடர வேண்டும் என்பன போன்ற இருபது நெறிகளையும் அவர் வகுத்தார். அவரும் அளவறிந்து உண்டு, காய்கறிகளை விரும்பி, நாள்தோறும் பயின்று அந்நெறிகளின்படியே வாழ்ந்தார்.

இழப்பும் தெளிவும்

இரண்டாம் உலகப் போர் அவருடைய வாழ்வைக் குலைத்தது. மாணாக்கர் பலர் போர்க்களத்தில் மடிந்தனர். அன்பர்கள் பொருள் திரட்டிக் கட்டித் தந்த ஷோட்டோகான் பயிற்சிக்கூடம் 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. அதே ஆண்டில் கலைவாரிசாக விளங்கிய மகன் கிகோ நோயுற்று மறைந்தார். 1947-இல் மனைவியாரும் காலமானார்.

போர் முடிந்த பின்னர், முதுமையின் விளிம்பில் நின்ற அவரை ஓர் இரவு டோக்கியோவில் வழிப்பறிக்காரன் ஒருவன் தாக்கினான். கிழவர் குனிந்து அடியைத் தவிர்த்து, அவனை அசையவிடாமல் பிடித்துக் காவலரிடம் ஒப்படைத்தார். கேட்போர் வியந்து போற்றும் செயல் இது. ஆனால் அவரோ பின்னர் நாணினார். அவன் போரிலிருந்து திரும்பி, பிழைக்க வழியின்றித் தவித்தவன் என்று அறிந்தார். மாணாக்கர் செய்யக்கூடாது என்று தாம் நாள்தோறும் சொல்லி வந்ததைத் தாமே செய்துவிட்டதாக அவர் நெஞ்சம் வருந்தியது. அன்று பைன் மரப்பாதையில் பணியாரத்தைக் கொடுத்துச் சென்ற இளைஞரையும், இன்று திருடனைப் பிடித்துவிட்டு வருந்திய முதியவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுபது ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் மாணவராகவே அவர் இருந்தார்!

1957 ஏப்ரல் 26-ஆம் நாள் ஃபுனகோஷி டோக்கியோவில் இயற்கை எய்தினார். 2021-இல் அதே நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. போட்டிகளை அவர் பெரிதும் விரும்பியவரல்லர்.

இன்று நம் ஊர்களிலும் வெள்ளுடை அணிந்த சிறுவர் சிறுமியர் வரிசையில் நின்று வணங்கிப் பயிற்சி தொடங்குவதைக் காண்கிறோம். நம் தம்பி தங்கையரை அங்கு அனுப்பும்போது, எத்தனை பட்டை, எத்தனை கோப்பை என்று கேட்பது எளிது. வேளைக்கு எழுகின்றனரா, அளவறிந்து உண்கின்றனரா, எளியவனிடம் சினம் அடக்குகின்றனரா என்று கேட்பதே அப்பள்ளி ஆசிரியருக்கு உவப்பாக இருக்கும். அக்கேள்விகளை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோம், நண்பர்களே!