புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு

செஞ்சிக் கோட்டைக்கு அணித்தே அமைந்த ஊர் மேல்மலையனூர். அமாவாசை இரவில் அங்காளம்மனை வழிபட அங்குத் திரளும் மக்கள் பலராவர். அத்திரளினின்று ஆண்மக்கள் ஆயிரவரை அழைத்து, அவர்தம் உயரத்தை அளந்ததாகக் கொள்க. சராசரி உயரம் 165 செ.மீ. என்றும், அளவுகள் சராசரியினின்று விலகிநிற்கும் தன்மையைக் காட்டும் திட்ட விலக்கம் 6 செ.மீ. என்றும் வைத்துக்கொள்க. சராசரியை அடுத்து நிற்போர் மிகப் பலர். மிக நெடியோரும் மிகக் குறியோரும் மிகச் சிலர். இதனைக் கோடாக வரையின் மணியின் வடிவம் தோன்றும். இதுவே இயல்நிலைப் பரவல் எனப்படும்.

இப்பரவலின்படி, 177 செ.மீ.க்கு மேற்பட்டோர் ஆயிரவருள் ஏறத்தாழ 23 பேரே. இனி, 171 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பத்தைக் கட்டி, நிமிர்ந்து நடந்தால் தலை தட்டுவோரை மட்டும் ஒருபுறம் நிறுத்துக. அவ்வாறு நிற்போர் ஏறத்தாழ 159 பேர். இவருள் ஒருவர் 177 செ.மீ.க்கு மேற்பட்டவராக இருத்தற்கு வாய்ப்பு எவ்வளவு? அந்த 23 பேரும் இக்குழுவிலேயே நிற்கின்றனர். ஆதலின் 23ஐ ஆயிரத்தால் வகுத்தல் தவறு. 159ஆல் வகுத்தல் வேண்டும். ஏழு பேருக்கு ஒருவர் என விடை வரும். முன்னரே ஒன்று தெரிந்திருக்கும்போது மற்றொன்றன் வாய்ப்பு மாறுகின்றது. இதனை நிபந்தனை நிகழ்தகவு என்பர். கணக்கிற் பிழை செய்யும் மாணவர் பெரும்பாலும் வகுக்கும் எண்ணை மாற்ற மறந்தவரே.

ஏட்டுக் கணக்காகத் தோன்றும் இவ்வகை எண்ணத்தை ஆற்று வெள்ளத்திற்கும் வயல் விளைச்சலுக்கும் பயன்படுத்தியவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு ஆவார். இவர் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சிலுள்ள கிங்சு கல்லூரியிற் சேர்ந்தார். நம் நாட்டுக் கணித மேதை இராமானுசனோடு அங்கு நட்புப் பூண்டார். குளிரால் உறக்கமின்றி வாடிய இராமானுசனுக்குக் கம்பளிகளின் இடையே புகுந்து உறங்கும் முறையைக் கற்பித்தவர் இவரே. பெரிய எண்களோடு விளையாடத் தெரிந்த அம்மேதைக்குக் கம்பளியின் பயன் தெரியாதிருந்தது!

1915இல் படிப்பு முடிந்தது. அஃது உலகப் போர்க் காலம். ஊர் திரும்பும் பயணம் தாழ்ந்தது. அந்த ஓய்வில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை இவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் அறிஞராகத் திரும்ப வேண்டியவர் புள்ளியியலில் ஈடுபட்ட உள்ளத்தோடு கல்கத்தாவில் இறங்கினார். எனினும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணியையே ஏற்றார்.

1920இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டின்போது, விலங்கியல் ஆய்வுத்துறைத் தலைவரான அன்னண்டேல், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியருடைய உடலளவுகளை ஆராயுமாறு இவரை வேண்டினார். இருநூற்றுவர் உயரம் பற்றிய ஆய்வு 1922இல் வெளிவந்தது. உடலளவு கொண்டு மக்களுள் உயர்வு தாழ்வு கற்பிக்க முயன்றோர் அக்காலத்தில் உண்டு; அளவுகோல் அளவைக் கூறுமேயன்றி மேன்மையைக் கூறாது. இவ்வாய்வுகளின் வழியே மகலனோபிசு அரியதொரு கருத்தை அடைந்தார். நெடிய மனிதனுக்குக் கையும் நீண்டிருத்தல் இயல்பு. ஒருவன் உயரம் தெரிந்த பின்னர், அவ்வுயரமுடையோரின் கை நீளத்திற்குத் தனியே ஓர் இயல்நிலைப் பரவல் அமைகின்றது. அதன் சராசரி வேறு, அதன் விரிவும் குறுகியது. ஆகவே நெடியவனுக்கு நீண்ட கை இருப்பது பெரிய வேறுபாடாகாது. நெடியவனுக்குக் குறுங்கை இருப்பதே பெரிய வேறுபாடு. இரண்டு அளவுகளையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுவோர் இதனைக் காணார். அளவுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவையும் கணக்கிற் கொண்டு, இரு குழுக்களின் வேறுபாட்டை அளக்கும் முறையை இவர் வகுத்தார். 1936இல் விரிவாக வெளியிடப்பெற்ற அம்முறை மகலனோபிசுத் தொலைவு என்னும் பெயரால் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு செய்தது. ஆற்றின் படுகை மேடிட்டதே காரணம் எனக் கருதிய பொறியாளர், கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றனர். ஆராயாது செய்யின் பெரும்பொருள் கரையிற் கொட்டப்படும். அடுத்த வெள்ளத்தில் குடிகள் மீண்டும் அழிவர். படுகை மேடிட்டது உண்மையாயின், ஒரே அளவு மழைக்கு ஆற்றுநீர் முன்னையினும் உயர்ந்து நிற்றல் வேண்டும் அன்றோ? மகலனோபிசு ஏறத்தாழ அறுபது ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்தார். படுகை மாறவில்லை என்றும், மேல்நிலத்திற் பெய்த பெருமழையே காரணம் என்றும் கண்டார். கரையை உயர்த்துவதினும் மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே தக்கது என்றார். 1957இல் திறக்கப்பெற்ற மகாநதியின் ஈராக்குட்டு அணைக்கு இவர்தம் கணக்குகளும் அடிப்படையாயின.

1931 திசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். கல்லூரியில் ஓர் அறையே அதன் இருப்பிடம். முதலாண்டுச் செலவு ரூ. 238. இரண்டு ஆண்டுகளில் சாங்கியா என்னும் ஆய்விதழும் அங்கிருந்து வெளிவந்தது. வங்காளத்துச் சணல் விளைச்சலை, வயல்தோறும் சென்று எண்ணாமல், முறையாகத் தேர்ந்த சில நிலங்களைக் கொண்டு மதிப்பிட்டுக் காட்டினார். 1950இல் நாடு முழுவதற்குமான மாதிரி ஆய்வு இவர் முயற்சியால் தொடங்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவிலும் இவர் கை உண்டு. 1945இல் இலண்டன் அரசக் கழக உறுப்பினர் ஆனார். 1968இல் பதும விபூசண் விருது பெற்றார்.

1972 சூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பது ஆண்டு நிறைவதற்கு ஒருநாளே எஞ்சியிருந்தபோது, மகலனோபிசு கல்கத்தாவில் காலமானார். அவர் பிறந்த நாளாகிய சூன் 29, 2007ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.