இரங்கற் குறிப்பு மறுக்கப்பட்ட இதழாளர்: ஐடா பி. வெல்ஸ்

1931 மார்ச் 25 அன்று சிகாகோவில் ஐடா பி. வெல்ஸ் மறைந்தார். நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவருக்கு இரங்கற் குறிப்பு எதையும் வெளியிடவில்லை. 1851 முதல் தான் வெளியிட்டுவந்த இரங்கற் குறிப்புகளில் பெரும்பான்மை வெள்ளை ஆண்களுக்கே உரியவை என்று அவ்வேடு 2018 மார்ச் 8 அன்று ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே பெண்களுக்குக் கிடைத்திருந்தது. விடுபட்ட பெண்களுக்காக அன்று அது தொடங்கிய வரிசையில் வெல்ஸும் இடம்பெற்றார். அதற்குள் 87 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

புகழ் பெறாதவர் என்பதால் விடுபட்டார் என்று கருத இடமில்லை. 1894ஆம் ஆண்டு அதே ஏடு அவரை அவதூறு பரப்புபவர் என்றும், அச்சிடத் தகாத இழிசொற்களாலும் ஏசியிருந்தது. ஏசுவதற்குத் தெரிந்த பெயர், இரங்கும்போது மறந்துபோயிற்று.

வெல்ஸ் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸ் ஊரில், அடிமைப்பட்டிருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878இல் மஞ்சள் காய்ச்சல் பெற்றோர் இருவரையும் பறித்தது. பதினாறு வயதில் ஆசிரியப் பணி ஏற்று உடன்பிறந்தோரைக் காத்தார்.

வழக்கறிஞர்களாகிய நம்மை முதலில் ஈர்ப்பது அவர் தொடுத்த இரயில் வழக்கு. முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்தும் பெண்களுக்கான பெட்டியிலிருந்து அவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றினர். இழுக்க வந்த நடத்துநரின் கையைக் கடித்து எதிர்த்தார். 1884இல் கீழமை நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கியது. 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. வழக்காடியதே நிறுவனத்தைத் தொல்லைப்படுத்தத்தான் என்று கருதியது. உரிமை கேட்டு வருபவரின் உள்நோக்கத்தை ஐயுறும் அந்த நடை நமக்குப் பழகிய நடைதான்.

பின்னர் மெம்பிஸ் நகரில் ஃப்ரீ ஸ்பீச் என்னும் இதழின் பங்காளரும் ஆசிரியருமானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இருந்த நிலையைக் கண்டித்து எழுதியதால் 1891இல் ஆசிரியப் பணியை இழந்தார். 1892 மார்ச் 9 அன்று, வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்திய அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் அவருடைய தோழர்கள் இருவரையும் சிறையிலிருந்து இழுத்துச் சென்று ஒரு கும்பல் கொன்றது. வெள்ளைப் பெண்களின் மானம் காக்கவே கும்பல்கள் கொல்கின்றன என்ற அன்றைய பொதுக்கூற்றை இக்கொலை பொய்யாக்கியது. இங்கே இறந்தவர்கள் செய்த ஒரே குற்றம் வணிகத்தில் தழைத்ததே. கறுப்பின மக்களை மெம்பிஸை விட்டு வெளியேறுமாறு வெல்ஸ் எழுதினார், ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். மே மாதம் அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் இதழின் அலுவலகம் சூறையாடப்பட்டது. திரும்பினால் கொல்வோம் என்ற மிரட்டல் அவரை நியூயார்க்கிலேயே நிறுத்தியது.

அவருடைய ஆய்வு முறையை நாம் பாடமாகவே பயிலலாம். வெள்ளையர் ஏடுகள் அச்சிட்ட செய்திகளையும் சிகாகோ ட்ரிப்யூன் திரட்டிய பட்டியல்களையும் கொண்டே அவர் வழக்கைக் கட்டினார். எதிர்த்தரப்பின் ஆவணத்தை எதிர்த்தரப்பு எப்படி மறுக்கும்? 1892இல் வெளியிட்ட சிறுநூலில், எட்டு ஆண்டுகளில் கும்பல்களுக்குப் பலியான 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர்மீதே பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டவேனும் பட்டது என்று காட்டினார். பல நேர்வுகளில் இருவர் விரும்பிக் கொண்ட உறவே குற்றமாக்கப்பட்டதையும் எழுதினார். ஆணவக்கொலை வழக்குகளின் கோப்புகளைப் புரட்டியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

1895இல் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்த பின்னும் எழுத்தும் அமைப்புப் பணியும் நிற்கவில்லை. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் கறுப்பினப் பெண்கள் கடைசியில் வருமாறு பணிக்கப்பட்டனர். வெல்ஸ் அதை ஏற்கவில்லை. நடுவழியில் இல்லினாய் அணியினருடன் இணைந்து நடந்தார். இனம் பேசும் களத்தில் பெண்ணாகவும் பெண்ணுரிமைக் களத்தில் கறுப்பராகவும் அவர் ஒதுக்கப்பட்டார். ஏடுகளின் மறதியையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. யார் இறப்பு செய்தியாகும் என்பதைப் பதவி முடிவு செய்தது. பதவிக்குரிய வாயில்களோ அவரைப் போன்றோருக்கு மூடிக்கிடந்தன. 1930இல் இல்லினாய் மாநில மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றதும் அத்தகைய ஒரு வாயிலில்தான்.

அவர் முடிக்காமல் விட்ட தன்வரலாற்றை மகள் ஆல்ஃப்ரெடா டஸ்டர் பதிப்பித்து 1970இல் வெளிக்கொணர்ந்தார். 2020இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. கும்பல் படுகொலையை ஒன்றிய அளவில் வெறுப்புக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச்சில்தான் நிறைவேறியது.