விழித்திரை காத்த ஜூல் கோனேன்

மாலை வேளையில் மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்குவோமாயின், காவிரியும், அதற்கப்பால் தென்னஞ்சோலைகளினிடையே திருவரங்கத்துக் கோபுரங்களும் நம் கண்ணுக்கு விருந்தாகும். இக்காட்சியை ஏற்று மூளைக்கு உணர்த்துவது, விழியின் உட்சுவரை ஒட்டியுள்ள விழித்திரை என்னும் மெல்லிய சவ்வேயாம். அது தன் இடத்தினின்று பிரியுமாயின், காட்சியின்மேல் கரிய நிழல் படர்ந்து, நாளடைவில் பார்வையே அவிந்துபோம். தீராப் பிணியெனக் கைவிடப்பட்டிருந்த இந்நோய்க்கு வழி கண்டவர் ஜூல் கோனேன் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

கோனேன் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் லோசான் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்றபின், அந்நகரில் புகழ் பெற்று விளங்கிய மார்க் துஃபூர் என்னும் கண் மருத்துவரிடம் உதவியாளராய் அமர்ந்தார். நோயுற்ற விழிகளை நுண்பெருக்கியின் வழியே ஆராய்வதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது.

அந்நாளில் விழித்திரை பிரிந்தோரை வாரக்கணக்கில் அசையாது படுக்கவைத்தனர், வியர்க்கச் செய்தனர், திரைக்குப் பின் தேங்கிய நீரை ஊசியால் வடித்தனர். பயனோ மிகச் சிறிது. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவரிடம் கேட்டறிந்த கணக்கின்படி, குணமடைந்தோர் ஆயிரவருள் ஒருவரே.

கோனேன் நோயின் மூலத்தை நாடினார். விழியினுள் நிறைந்துள்ள பாகு போன்ற பொருள் திரையைப் பற்றியிழுக்க, திரையில் கிழிசல் உண்டாகிறது. அதன் வழியே நீர் புகுந்து திரையைச் சுவரினின்று பிரிக்கிறது. இதுவே அவர் கண்ட உண்மை. காவிரிக் கரையில் உடைப்பெடுத்த இடத்தை அடைக்காமல், வயலில் தேங்கிய நீரை மட்டும் இறைப்பார் உளரோ? கிழிசலை அடைப்பதே மருந்தென அவர் துணிந்தார்.

விழியின் உட்புறத்தை நோக்கும் கருவியால் கிழிசலைப் பொறுமையுடன் தேடிக் கண்டு, படம் வரைந்து, வெளிப்புறத்தே அதற்கு நேரான இடத்தை அளந்து குறித்தார். அவ்விடத்தில் வெண்விழியைச் சிறிது கீறி, பழுக்கக் காய்ச்சிய கருவியின் முனையால் சுட்டார். சூட்டால் உண்டான தழும்பு கிழிசலை மூடியது. கண்ணைச் சுடுவதா எனப் பலர் ஐயுற்றனர். அவரோ சொற்போரில் இறங்காது, ஆண்டுதோறும் தம் நோயாளிகளின் கணக்கையே சான்றாக வைத்தார். ஆயிரத்தில் ஒருவர் தேறிய நோயில், ஏறக்குறைய இருவரில் ஒருவர் தேறலாயினர். 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அனைத்துலகக் கண் மருத்துவர் மாநாடு அவர் கொள்கையை ஏற்றது.

தம் ஆராய்ச்சியை 1934-இல் பெருநூலாக வெளியிட்டு, 1935 ஜூன் 10-ஆம் நாள் கோனேன் காலமானார். அந்நூல் வெளிவந்த அதே 1934-இல் நம் திருச்சிராப்பள்ளியில் ஜோசப் கண் மருத்துவமனை தோன்றியது என்பதை நினைக்க நமக்கு மகிழ்ச்சி பிறக்கிறது.

காய்ச்சிய முனை இருந்த இடத்தில் இன்று லேசர் ஒளியும் உறைகுளிரும் வந்துள்ளன. விழியினுள் உள்ள பாகையே அகற்றும் நுண்ணிய அறுவையும் வந்துள்ளது. எனினும், கிழிசலைக் கண்டு அடை என்னும் அவர் நெறி மாறிற்றிலது. இந்நோயில் வலி இல்லை. அதனாலேயே பலர் காலம் தாழ்த்திக் கண்ணை இழக்கின்றனர். திடீரென மின்னல் போல் ஒளி தோன்றினும், கரும்புள்ளிகள் மிதப்பினும், ஒரு பக்கம் நிழல் படரினும், அன்றே மருத்துவரை நாடுவோமாக. பிறர் விளைவை நோக்கியபோது மூலத்தை நோக்கிய அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாம்.